போணி ஆகாத தெரு

மூங்கில்மண்டித் தெரு புத்துயிர் பெற்றுவிட்டது என்று மாநகராட்சி அறிவித்ததற்கு மறுநாள் காலையில், அத்தெருவில் பொழுது நின்றுபோயிற்று. கீழ்முனைத் தண்ணீர்த் தொட்டியின் தோள்மீது வழக்கம்போல் ஏறி அமர்ந்த சூரியன், வழக்கத்துக்கு மாறாக அங்கேயே அமர்ந்திருந்தான். வாசல்களில் தெளித்த நீர் காயவில்லை. கடைகளின் நிழல்கள் நீட்டிய காலை மடக்கவில்லை. தெருவின் இரு முனைகளிலும் பெருஞ்செலவில் நிறுவப்பட்டிருந்த அலங்கார வளைவுகளைத் தாண்டி ஓர் அடி வெளியே வைத்தால் ஊர் உச்சிவெயிலில் வெந்துகொண்டிருந்தது, ஓர் அடி உள்ளே வைத்தால் காலை ஏழு மணியின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. கடைக்காரர் எவரும் இதற்கு வியக்கவில்லை. லைனிங் துணியும் பட்டனும் விற்கும் சிக்கந்தர் பாய், எதிர்க்கடையில் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த பாக்கியசீலியை நோக்கி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்:

“தெரு முழுக்க ஒரு கடையிலயும் இன்னும் போணி ஆகலம்மா. பொறவு பொழுது எப்படி நகரும்?”

“அதச் சொல்லுங்க,” என்றாள் பாக்கியசீலி. “நமக்கு நாளு தொடங்குறதே அதுலதான பாய்.”

நாளின் முதல் விற்பனைக்குத்தான் போணி என்று பெயர். அந்த முதற்காசைக் கடைக்காரர் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்ட பிறகே கல்லாப்பெட்டியில் இடுவார். அது ஆகும்வரை கடன் கொடுக்கமாட்டார், சில்லறை மாற்றித் தரமாட்டார், இனாமாக ஒரு குண்டூசியைக்கூடக் கடையைவிட்டு வெளியே போகவிடமாட்டார். அரசு ஆணைகளை மறந்துவிடுகிற மனிதர்கள்கூட இந்த விதியை மறந்ததில்லை.

அத்தெரு முன்பு செத்துக் கிடந்ததா என்று கேட்டால், இல்லை. அது உயிரோடுதான் இருந்தது. அந்த உயிர், அதிகாரிகளின் கண்ணுக்கு அருவருப்பான விதத்தில் இருந்தது என்பதே குற்றம். தள்ளுவண்டிகள் குறுக்கே நின்றன, ஆட்டோக்கள் முட்டிக்கொண்டன, பெயர்ப்பலகைகள் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தன, மாலையானால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடக்க முடியாது. இந்த நோயைத் தீர்ப்பதற்காக நிவேதனா என்னும் ஆலோசகர் தலைநகரிலிருந்து வரவழைக்கப்பட்டார். கடைவீதிகளை உயிர்ப்பிப்பதில் பட்டம் பெற்றவர், கடைவீதியில் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர். அவருடைய யோசனைப்படி தெரு ஓர் ஆண்டுக்குமேல் தோண்டிப் போடப்பட்டது. பிறகு பளிங்குபோன்ற கற்கள் பாவப்பட்டன. வண்டி எதுவும் நுழைந்துவிடாதபடி இரும்புக் குட்டைத் தூண்கள் நடப்பட்டன. செருப்புக்கடை எது, சாமிப்படக் கடை எது என்று பிரித்தறிய முடியாதபடி பலகைகள் அனைத்தும் ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில் மாட்டப்பட்டன. தெருவோரத்துச் சரக்குக் கிட்டங்கியின் நீண்ட சுவரில், பைகளும் குழந்தைகளுமாக நெருக்கியடித்துப் பொருள் வாங்கும் பெருங்கூட்டம் ஒன்று ஓவியமாகத் தீட்டப்பட்டது. ஓவியம் உலர்ந்தபோது, உண்மையான கூட்டம் வேறு தெருக்களுக்கும் தத்தம் கைப்பேசிகளுக்கும் குடிபெயர்ந்திருந்தது. நாடா வெட்டப்பட்டது, கைதட்டப்பட்டது, போண்டா உண்ணப்பட்டது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. சூரியன் தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

கடைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் முயன்றார்கள். சிக்கந்தர் பாய் பாக்கியசீலியிடம் காசு கொடுத்து ஒரு மக் வாங்கினார். பாக்கியசீலி அவரிடம் ஒரு முழம் லைனிங் வாங்கினாள். ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் விளையாடுவதைப் பார்க்கும் பெரியவரைப்போல் சூரியன் பார்த்தானேயொழிய அசையவில்லை. நிவேதனா புகைப்படக்காரருடன் வந்து ஒரு சீப்பை வாங்கினார். சூரியன் எழுந்திருக்க முனைந்தான். படம் எடுத்து முடித்ததும் அவர் சீப்பைத் திருப்பிக் கொடுக்கவே, அவனும் திரும்ப உட்கார்ந்துகொண்டான். கடைசியில், வழி தவறி வந்த கொத்தனார் ஒருவர், அறுந்த செருப்பு வாரைக் கோத்துக்கொள்ள ஓர் ஊக்கு வாங்கினார். அவ்வளவுதான், கட்டவிழ்த்த கன்றைப்போல் சூரியன் துள்ளி, ஊர்ப்பொழுதை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

இப்படியே அந்தத் தெருவில் காலை நீண்டது. சில நாள் பத்து மணிவரை, சில நாள் நண்பகல்வரை, சில நாள் அடுத்த தெருவில் விளக்கு வைக்கும்வரை. கோடை முற்றியபோது, இந்தக் குளிர்ச்சியை ஆற்றோரத்து அடுக்குமாடிக் குடியிருப்பினர் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் செயலாளர் வரதராஜகோபாலன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், வெள்ளைக் காலணியும் அரைக்காற்சட்டையும் அணிந்து முதலில் நடந்து வந்தார். அடுத்த நாள் சங்கமே நடந்து வந்தது. யோகாசனப் பாய்கள் விரிக்கப்பட்டன. நாய்கள் அழைத்துவரப்பட்டன. காப்பிகூட வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் வந்தது. வளைவில் பொருத்தப்பட்டிருந்த இயந்திரம் நுழைவோரின் தலைகளை எண்ணி எண்ணிப் பெருமைப்பட்டது. அவர்களுள் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை என்பதை அது எண்ணவில்லை, எண்ணும்படி அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. பாக்கியசீலியின் கடைக்கு நேரெதிரே போடப்பட்டிருந்த இருக்கையில் அமர்ந்தபடி வரதராஜகோபாலன் கைப்பேசியில் ஒரு வாளி வாங்கினார். அதை எங்கோ ஒரு கிடங்கிலிருந்து சுமந்துவந்த இளைஞன் வளைவுக்கு வெளியே உச்சிவெயிலில் நின்று தொலைபேசினான்.

“சார், அந்த வாளி எங்கிட்டயும் இருக்கே,” என்றாள் பாக்கியசீலி.

“இருக்கும்மா, இருக்கு. பார்க்கவே எவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருக்கீங்க! லோக்கல் கடைகள் எல்லாம் அழியவே கூடாதும்மா. நான் எல்லாக் கூட்டத்துலயும் அதைத்தான் சொல்றேன்.”

ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி ஒன்பது மணிக்கே தலைக்கு ஒரு ரப்பர் பாண்டு வாங்கித் தொலைத்தாள். சூரியன் குதித்தான், சவாசனத்தில் கிடந்தோர் வெந்து எழுந்தனர். அந்த வெயிலைத் தடுக்கக் கோரி அன்றே கையெழுத்து வேட்டை நடந்தது. அவ்வளவு கடும் வெயில் நகரின் பிற தெருக்களில் நாள்தோறும் அடித்துக்கொண்டிருந்தது என்பதோ, அங்கே மனிதர்கள் கல்லுடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதோ அந்த மனுவில் இல்லை. மாநகராட்சி விரைந்து செயல்பட்டது. குடிநீர்க் குழாய் உடைந்தபோது அது அவ்வளவு விரைந்ததாக யாருக்கும் நினைவில்லை. மூங்கில்மண்டித் தெரு வணிகப் புத்துயிர்ப்புத் திட்டத்தின் வெற்றியைப் பாதுகாக்கும்பொருட்டு, அத்தெருவில் வணிகம் செய்வது நிறுத்திவைக்கப்படுகிறது என்றும், கடைக்காரர்கள் கடைகளைத் திறந்து, பொருள்களை அழகுற அடுக்கி, முகமலர்ச்சியுடன் அமர்ந்திருக்க வேண்டும் என்றும், அதற்கு மாத ஊதியம் தரப்படும் என்றும், மீறி விற்பவரின் கடைக்கு முத்திரை வைக்கப்படும் என்றும் ஆணை வந்தது. கடைகள் மாநகராட்சிக் கட்டடங்கள். இதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடாதவர் அன்றே வெளியேற வேண்டும்.

பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்றதும், மூன்று தலைமுறை வணிகம் ஒரு கொட்டாவியில் முடிந்தது. பாக்கியசீலியும் கையெழுத்திட்டாள், அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை, வேறு எதிலும் விருப்பமும் இல்லை.

அதன்பின் அந்தத் தெருவில் ஒரே காலைதான். கடைக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரவென்று அறிந்து, இளவெயிலில் ஷட்டரை இறக்கி, வளைவைத் தாண்டி இருட்டுக்குள் நடந்து வீடு போனார்கள்; திரும்பி வந்தபோது விட்டுச்சென்ற காலை அப்படியே காத்திருந்தது. பூக்கடையில் மல்லிகை மொட்டு மொட்டாகவே இருந்தது. பிள்ளையார் கோயில் குருக்கள் அந்திப் பூசையைக் கைவிட்டு, சும்மா இருந்த அந்நேரத்தில் நடைப்பயிற்சியாளருடன் சேர்ந்து நடந்தார். முகூர்த்தம் தவறவே தவறாத தெரு என்று கேள்விப்பட்டுக் கல்யாண வீட்டார் படையெடுத்தார்கள். தாலியும் மாலையும் தேங்காயும் வெளியிலிருந்தே கொண்டுவந்து, மாப்பிள்ளை எவ்வளவு தாமதமாக வந்தாலும் அதே நல்ல நேரத்தில் தாலி கட்டி, ஓவியச் சுவரின்முன் நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். சோதிடர்கள் முதலில் எதிர்த்தார்கள். பிறகு வளைவின் அருகிலேயே மேசை போட்டார்கள்.

வராதவர்கள், கடைகளுக்குப் பின்னே இருந்த சந்தில் குடியிருந்தோர் மட்டுமே. சுமை தூக்குவோர், பாத்திரம் தேய்ப்போர், ஆலையில் நின்று கால் வீங்கியோர்; இவர்கள்தாம் முன்பு மாலைதோறும் கூலியைக் கையில் பொத்திக்கொண்டு வந்து அத்தெருவை நெருக்கியவர்கள். இப்போது அந்தியில் அவர்கள் வளைவுவரை வருவார்கள். உள்ளே காலைவெயிலைக் காண்பார்கள். கண்டதும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உடம்பு பதறும். பதறிய உடம்பை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள்.

“வாயெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு பாய்,” என்றாள் பாக்கியசீலி. “ஒருத்திகிட்ட வாய் வலிக்கப் பேரம் பேசி எத்தன நாளாச்சு! கனவுல கூட எவளோ வந்து வெலயக் கேக்கா, நான் சொல்லுதுக்குள்ள முழிப்பு வந்திருது.”

“சம்பளம் வருதுல்லா?”

“வருது. கை நீட்டி வாங்கும்போது கண்ணுல ஒத்தணும்னு தோணல பாத்துக்கிடுங்க.”

சிக்கந்தர் பாயும் சம்பளத்தைக் கண்ணில் ஒற்றியதில்லை.

ஆவணியில், நாட்டின் சிறந்த புத்துயிர் பெற்ற கடைவீதி எது என்று முடிவு செய்யும் குழு வந்தது. கோட்டும் பருத்திப் புடவையும் அணிந்த பெருமக்கள். ‘ஆகா’ என்பதற்கென்றே அழைத்துவரப்பட்டவர்கள்போல் ஒவ்வொரு கடைக்கும் ஓர் ‘ஆகா’ சொன்னார்கள். நிவேதனா விளக்கினார். வரதராஜகோபாலன் தலையசைத்தார். குழு பாக்கியசீலியின் கடைமுன் வந்து நின்ற வேளையில், வெளியே பின்சந்தில் தண்ணீர் லாரி வந்து ஒலியெழுப்பியது. அடுத்த நொடி, இரண்டு கடைகளுக்கு இடையிலிருந்த இடுக்கில் தோளை ஒருக்களித்து நுழைந்து, தலைவிரிகோலமாக மாடத்தி என்பவள் ஓடிவந்தாள். ஆலையில் பஞ்சு கூட்டுபவள்.

“யக்கா, சட்டுனு ஒரு கொடம் குடுங்க! லாரி வந்து நிக்கு. எம் பழைய கொடம் அடி விட்டுட்டு.”

பாக்கியசீலியின் கை தானாக எழுந்து பச்சைக் குடத்தின் கழுத்தைப் பற்றியது, பற்றியபடியே நின்றது. நிவேதனா அவள் காதருகே குனிந்தார்.

“மேடம், ப்ளீஸ். இன்னைக்கு வேண்டாம். வித்தீங்கன்னா கடைக்கு சீல் வெச்சிடுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

“நாளைக்கு வந்து வாங்கிக்கோயேம்மா,” என்றார் வரதராஜகோபாலன் மாடத்தியிடம். “ஒரு நாள்ல என்ன ஆயிடும்?”

“நாளைக்கு லாரி வராதே சார். வாரத்துக்கு ஒருக்கதான். உங்க வீட்டுல கொழா தொறந்தா வரும். எங்களுக்கு லாரிக்காரன் மனசு தொறந்தாத்தான் வரும்.”

அப்போதுதான் நிவேதனாவுக்கு அந்த யோசனை பிறந்தது. படித்த மூளையில் மட்டுமே பிறக்கக்கூடிய யோசனை.

“மேடம், விற்கத்தானே கூடாது? சும்மா குடுத்திடுங்க. இலவசமா! ரூல்ல அதுக்குத் தடை இல்ல. குழுவுக்கும் ரொம்பப் பிடிக்கும்.”

பாக்கியசீலி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கடைக்கு முத்திரை என்றபோது வெளுத்த அவள் முகம், இப்போது சிவந்தது.

“என்ன சொன்னிய? போணி ஆகாம, கடையில இருந்து சும்மா எடுத்துக் குடுக்கவா? அதுக்கு நீங்களே கடையப் பூட்டிட்டுச் சாவியக் கெணத்துல போட்டுருங்க.”

“நான் என்ன பிச்சையா கேட்டேன்?” என்று மாடத்தியும் சீறினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளைக் காட்டினாள். “வெலயச் சொல்லுங்கக்கா!”

எதிர்க்கடையில் சிக்கந்தர் பாய் எழுந்து நின்றார். பாக்கியசீலி கடையை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டாள். வாளிகள், மக்குகள், கூடைகள், அவற்றுக்கு மேலே தொங்கிய சாம்பல் நிறப் பலகை. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தை ‘டொப்’பென்று கல்லாமேசைமேல் வைத்தாள்.

“நூத்தி அறுவது.”

“யாத்தே! கொடம் வெலயா, கொடத்தோட தண்ணி வெலயா? எம்பதுக்குத் தாங்க.”

“எம்பதுக்கு ஓட்டக் கொடம் உங்கிட்டயே இருக்கே, அத வெச்சிக்கிடு. கனத்தத் தூக்கிப் பாருட்டி. மாடியில இருந்து போட்டாலும் ஒடையாது.”

“எங்க வீட்டுல மாடி ஏது? கீழ வெச்சுப் பொழங்குத கொடமாக் குடுங்க, வெல கொறையும்லா!”

“போணி நேரத்துல இப்படி அடிச்சுக் கேக்கியே!”

“போணி நேரம்னாதான் கொறைக்கணும். மொகத்தப் பாத்து, கை ராசியப் பாத்து…”

லாரி மீண்டும் ஒலியெழுப்பியது. குழுவினர் கைப்பேசிகளை உயர்த்திப் படம்பிடித்தார்கள். இது தங்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட நாட்டுப்புறக் கலை என்று எண்ணி, ஒவ்வொரு விலைக்கும் கைதட்டினார்கள். இந்நிகழ்ச்சி நாள்தோறும் எத்தனை மணிக்கு நடைபெறும் என்று தலைவர் நிவேதனாவிடம் வினவினார். ஒன்றுக்கும் உதவாத அந்தக் கைதட்டலுக்கு நடுவே, இரண்டு பெண்களும் உலகத்தில் வேறு யாருமே இல்லாததுபோல், ஒருத்தி இறங்க ஒருத்தி ஏற, போவதுபோல் திரும்பி, திரும்புவதுபோல் நின்று, நூற்றுப்பத்தில் வந்து சேர்ந்தார்கள்.

“ஒரு மக்கு சேத்துப் போடுங்கக்கா, கொசுறு.”

“கேக்காம இருந்தா நீ மாடத்தியே இல்ல. எடுத்துக்கோ, ஓடு!”

பாக்கியசீலி பணத்தை வாங்கினாள். இடக்கண்ணில் ஒற்றினாள். வலக்கண்ணில் ஒற்றினாள்.

சூரியன் எழுந்தான். ஒரு நாளின் உச்சிவெயில் அல்ல. கோடை முழுவதும் அத்தெருவுக்கு வரவேண்டியிருந்து நிறுத்திவைக்கப்பட்ட உச்சிவெயில்கள் அனைத்தும், வாசலில் காத்துக் கடுத்த விருந்தினர்போல், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்தன. யோகாசனப் பாய்கள் சுருண்டன. பருத்திப் புடவைகள் வளைவை நோக்கி ஓடின. கோட்டுகள் அவற்றை முந்தின. ஒரு மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி, முகூர்த்தம் கண்ணெதிரே வழிந்தோடுவதைப் பார்த்து நின்றார். சுவரில் தீட்டிய பெருங்கூட்டம் கொப்பளித்து, உரிந்து, பைகளோடும் குழந்தைகளோடும் தரையில் உதிர்ந்து, பெருக்கித் தள்ளும் குப்பையாயிற்று. பூக்கடையில் அத்தனை மொட்டுகளும் ஒரே மூச்சில் வெடிக்க, தெருவெங்கும் மல்லிகை மணம் திணறடித்தது. பின்னர், அத்தெரு பல மாதங்களாகக் கண்டிராத ஒன்று, மேல்முனையிலிருந்து மெல்ல வந்தது: மாலை.

மாலையைக் கண்டதும் பின்சந்து மனிதர்கள் வந்தார்கள். பதற்றமில்லாமல் வந்தார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அந்த நெருக்கடியைப் பிளந்துகொண்டு, கடைக்கு முத்திரை வைக்க மாநகராட்சி ஊழியர்கள் இருவர், அரக்கும் மெழுகுவர்த்தியும் ஆணையுமாக வந்து சேர்ந்தனர். ஷட்டரை இறக்கி, பூட்டின்மேல் அரக்கை உருக்கி ஊற்றினர். கோடை முழுவதையும் ஒரே பிற்பகலில் குடித்திருந்த இரும்பு தணலாகக் கொதித்தது. அரக்கு உறையாமல் வழிந்து தரையில் சொட்டியது. மறுபடி ஊற்றினர்; மறுபடி வழிந்தது.

“சூடு ஆறட்டும், அப்புறம் வரோம்,” என்றார் ஒருவர்.

“ஆறட்டும் சார்,” என்றாள் பாக்கியசீலி, துணியால் பிடித்துப் பூட்டைத் திறந்து ஷட்டரை மறுபடி ஏற்றியபடி. “அதுவரைக்கும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. யாவாரத்த மறைக்கிய.”

அந்த இரும்பு இன்னும் ஆறவில்லை என்றே கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. திட்டம் தோல்வியுற்றதாகவும், மூங்கில்மண்டித் தெரு மீண்டும் உயிரிழந்துவிட்டதாகவும் நிவேதனா அறிக்கை அளித்தார். உயிரிழந்த தெருவுக்கு அலங்காரம் எதற்கென்று தூண்களையும் பலகைகளையும் பெயர்த்து, புத்துயிர் பெறவேண்டிய வேறொரு தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தெரு என்ன பாவம் செய்ததோ.

வரதராஜகோபாலன் மட்டும் இன்னும் வருகிறார். தூண்கள் இருந்த குழிகளைத் தாண்டித் தாண்டி நடந்து, ஒரு காலை நேரம் பாக்கியசீலியின் கடைமுன் நின்றார்.

“இவ்வளவு சீக்கிரமே விற்கணுமாம்மா? ஒரு பத்து மணி வரைக்கும் பொறுக்கக் கூடாதா? ஊருக்கே நல்லதுதானே.”

“நல்லதுதான் சார். நீங்களே ஒரு வாளி வாங்கிப் போணி பண்ணுங்களேன். கைராசிக்காரரா இருக்கிய.”

“வாளியா? வீட்டுல இருக்கே. போன மாசம்கூட ஆன்லைன்ல…” என்று அவர் தொடங்கியபோது, பின்சந்திலிருந்து வந்த பெண்ணொருத்தி, அவருடைய கைக்கு அடியில் தன் கையை நீட்டி, சோப்பு டப்பா ஒன்றை எடுத்து, விலை அதிகம் என்று திட்டிக்கொண்டே காசைக் கொடுத்தாள்.

பாக்கியசீலி அதைக் கண்களில் ஒற்றினாள். தொட்டியின்மேல் இருந்த சூரியன் எழுந்து, வரதராஜகோபாலனின் வழுக்கைத் தலையை முதலில் தொட்டான்.